செப்புத் திருமேனிகள்: மரபும் அளவும்

கார்த்திகை தீபத்தன்று மாலையில் திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலில், பாதி சிவனும் பாதி அம்மையுமான அர்த்தநாரீஸ்வரர் ஆடி வந்து சில நிமிடங்களே காட்சி தருகிறார். அந்நேரமே மலையுச்சியில் தீபம் ஏற்றப்படுகிறது. பகவான் ரமணர் 1898-இல் தங்கியிருந்த பவளக்குன்றிலும் அம்மையப்பனுக்குக் கோயில் உண்டு. ரமணாசிரமப் பகுதி அன்பர்களுக்கு இவ்வடிவம் நெருக்கமானது. ஆனால் அலங்காரத்துக்குள் இருக்கும் சிற்பியின் கைத்திறனை நின்று பார்க்க, 1851-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

அதன் செப்புத் திருமேனிக் கூடத்தில் மரபின் படிகள் தெளிவாகத் தெரியும். பல்லவர் காலத்தவை அளவில் சிறியவை; பூணூல் பலவற்றில் வலக்கையின் மேலேறிச் செல்லும். சோழ அரசி செம்பியன் மாதேவியார் காலத்தில் உடலில் நெகிழ்ச்சி வந்தது. ராஜராஜன் நாளில் நெகிழ்ச்சியோடு கம்பீரமும் கூடியது. பிற்காலச் சோழர் படிமங்களில் அணிகள் மிகுந்தன. விஜயநகர காலத்தில் மூக்கு கூர்மையாகி, உடல் விறைத்தது.

இவை அனைத்துக்கும் அடிப்படை தாலமானம் என்னும் அளவுமுறை. ஆண் தெய்வத்துக்கு உத்தம தசதாலம், 124 பங்கு உயரம். தேவிக்கு மத்திம தசதாலம், 120 பங்கு. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தென்னை ஓலையை மடித்தே அளவெடுக்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த உருவின்மேல் வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை வார்க்கிறார்கள். அச்சை உடைத்தே படிமத்தை எடுக்க முடியும். ஆகவே ஒவ்வொன்றும் தனிப்பிறவி.

இந்த இலக்கணத்துக்குக் கடும் சோதனை அர்த்தநாரி வடிவம். எழும்பூரில் உள்ள 11-ஆம் நூற்றாண்டுத் திருவெண்காட்டுப் படிமத்தைப் பாருங்கள். வலப்பக்கம் இரண்டு கைகள், இடப்பக்கம் ஒன்று. அப்பன் பாதியில் ஆடை தொடையோடு நிற்கிறது. அம்மை பாதியில் கணுக்கால்வரை இறங்குகிறது. இடுப்பின் ஒரே வளைவு இரண்டையும் இணைக்கிறது. ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தென்படாது. இலக்கணம் அறிந்த கை அதைக் கடந்து நிற்பதே உயர்ந்த தரம்.

அருங்காட்சியகத்துக்கும் ஒரு தரம் உண்டு. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய நடராஜர், ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்டவர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம் அவர் ஊரைக் காட்டிக்கொடுத்தது. 2014-இல் அவர் திரும்பினார். விருத்தாசலத்துக் கல் அர்த்தநாரியும் சிட்னியிலிருந்து உடன் வந்தார். எந்தக் கோயிலிலிருந்து, எவ்வழியில் வந்தது என்று சொல்ல முடியாத படிமம் எவ்வளவு அழகானாலும், அதை வைத்திருப்பது பெருமையாகாது.

நம் வட்டாரக் கோயில்கள் ஒவ்வொன்றும் தங்கள் உற்சவத் திருமேனிகளைப் படமெடுத்து, அளவு குறித்து, பதிவேட்டில் ஏற்றி வைக்க வேண்டும். மரபைக் காக்கும் முதல் வேலை அதுவே.