கடாரம் கொண்டவன் கணினித் திரையில்

வியூக விளையாட்டுகளில் இங்கிலாந்துக்கு ஓய்வே கிடையாது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999இல் வந்தபோதே வைக்கிங்குகள் நீள்படகுகளோடு வந்துவிட்டார்கள். மறு ஆண்டே வந்த விரிவாக்கத்தில் 1066ஆம் ஆண்டின் ஹேஸ்டிங்ஸ் போரும் சேர்ந்துகொண்டது. நார்மன் பிரபு வில்லியமாகக் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்து அரசன் ஹரால்டை வீழ்த்த வேண்டும். நம் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதெல்லாம் மனப்பாடம். ஆனால் ஹேஸ்டிங்ஸுக்கு 41 ஆண்டுகள் முன்பே வங்கக் கடலைத் தாண்டி வந்து நம் வடக்கே கெடாவை, அதாவது அன்றைய கடாரத்தை, தாக்கிய ராஜேந்திர சோழனுக்குத் திரையில் இடம் கிடைக்க 2022 ஏப்ரல் ஆகிவிட்டது.

அப்போது வந்த விரிவாக்கத்தின் பெயர் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’. திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என மூன்று புதிய இனங்கள். ராஜேந்திரனுக்கென்று தனிப் போர்த்தொடர். 2019இல் வந்த ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ கையில் இருந்தால்தான் இது ஓடும். தொடரைவிட, திராவிடரை எடுத்துக்கொண்டு மலாய் இனத்தை எதிரியாக வைத்துத் தீவு வரைபடத்தில் ஆடுவதுதான் எனக்குப் பிடித்தது. கடாரப் போருக்கு அதுதான் கிட்ட வருகிறது.

முதல் மகிழ்ச்சி காதுக்கு. குடியானவனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். ஒவ்வொரு யுகம் மாறும்போதும் 200 மரம் இலவசமாக வருகிறது. மீன்பிடிப் படகுகள் கூடுதலாகச் சுமக்கின்றன. ஆக, கடலை நம்பித்தான் பிழைக்க வேண்டும். ‘திரிசடை’ என்ற பெரிய போர்க்கப்பல் ஒரே நேரத்தில் பல அம்புகளை எய்கிறது. மரத்தைத்தான் தின்று தீர்க்கும். கரையேறிய பிறகு உருமி வீரர்கள் இருக்கிறார்கள். சற்று நிதானித்து முதல் வீச்சு வீசினால் சுற்றி நிற்பவர்களுக்கும் சேர்த்து அடி விழுகிறது. மதிலை இடிக்க, கவசம் பூட்டிய யானை. குறையும் உண்டு: குதிரைப்படை ரொம்ப நோஞ்சான். விரைந்து பாயும் எதிரியிடம் மாட்டினால் தலைவலிதான்.

மலாய்க்காரர்களும் சளைத்தவர்களல்ல. அவர்களுக்கென்று உள்ள ஓர் ஆய்வை முடித்துவிட்டால், துறைமுகங்களே அம்பு எய்யத் தொடங்கிவிடும். திரிசடைகளை வரிசையாக நிறுத்தித் தூரத்திலிருந்து அடிக்காமல், நேரே கரைக்கு விட்டால் பாதிப் படை கடலிலேயே போய்விடும்.

என் வழக்கு வெற்றி விதியோடுதான். எதிரியை அடியோடு அழி, அல்லது அதிசயம் கட்டு, அல்லது புனிதப் பொருள்களைச் சேர்த்துக் காப்பாற்று என்கிறது விளையாட்டு. வில்லியமுக்கு இது சரி. அவன் ஒரே இரவில் கால்வாயைக் கடந்தான், அங்கேயே அரசனாக உட்கார்ந்தான். ராஜேந்திரன் கதை வேறு. தஞ்சைக் கல்வெட்டு ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், கடாரம் என்று ஊர் ஊராக அடுக்குகிறது. கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், பொக்கிஷமும் வித்யாதரத் தோரணமும் கைக்கு வந்ததையும் சொல்கிறது. நிலையான சோழ ஆட்சி இங்கே வேரூன்றவில்லை என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. 2,000 கிலோமீட்டருக்கு மேல் வந்தவர்கள் பருவக்காற்றைப் பார்த்துத்தான் திரும்ப முடியும். விளையாட்டில் காற்றே இல்லை. கப்பல் நினைத்த திசையில் நினைத்த நேரத்தில் போகிறது. அடித்து, அள்ளி, காற்று திரும்பும் முன் ஊர் போய்ச் சேர்வதுதான் வெற்றி என்ற கணக்கு அதற்குத் தெரியவில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ‘ரெஜிசைட்’ முறையில் ஆடினால் எதிரியின் அரசன் விழுந்ததும் ஆட்டம் முடியும். சிறைபிடிக்க முடியாதே தவிர, கல்வெட்டுக்குக் கொஞ்சம் நெருக்கம். இன்னும் நல்லது, கூடவே வரும் காட்சி அமைப்பான். குறிப்பிட்ட படையைக் குறிப்பிட்ட கரைக்குக் கொண்டுவந்தால் வெற்றி என்று நாமே விதி போடலாம். நான் அதில் நம் ஊரையே வரைந்து பார்த்தேன்: ஆற்று முகத்துவாரம், மேட்டில் புக்கிட் மெலாவத்தி கோட்டை, கடலில் டச்சுக் கப்பல்கள். 1784இல் அவர்கள் பிடித்த கோட்டையை மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டார். தமிழ்ப்பள்ளி வரலாற்று வகுப்புக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தோன்றவில்லை.

தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவிறக்கம் பெரிது, செம்பனைக்கு நடுவே இணையம் இழுக்கிற இழுப்பில் அதை இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். உயர் தெளிவுப் படத்தொகுப்பு கட்டாயமில்லை, விட்டுவிடலாம். கூட்டாக ஆடும்போது இணைப்பு அறுந்தால் ஆட்டமும் போச்சு, தனியாட்டம் தொந்தரவில்லை. வைக்கிங், நார்மன் போர்கள் மட்டும் போதும் என்பவர்கள் ‘டெஃபினிட்டிவ் எடிஷனோடு’ நிறுத்திக்கொள்ளலாம். கடாரத்தைத் தொட ஆசைப்பட்டால் விரிவாக்கத்தை வாங்குங்கள், தள்ளுபடி வரும்வரை பொறுத்து. வாங்கியதும் முதல் வேலையாக அந்த வெற்றி விதியை மாற்றிவிடுங்கள்.