பொன்னிவளநாட்டுச் சித்திரக்கதை: நிறையும் குறையும்

அண்ணன்மார் கதை கொங்கு நாட்டின் வாய்மொழிக் காப்பியம். பொன்னர், சங்கர் என்னும் சகோதரர்களையும் அவர்களுடைய தங்கை அருக்காணித் தங்காளையும் பற்றியது. மேட்டூருக்குக் கீழே காவிரி பாயும் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரங்களில் உடுக்கைப் பாடகர்கள் இதை இரவிரவாகப் பாடி வந்துள்ளனர். 'லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா' என்பது இக்கதையின் சித்திர வடிவம்.

தோற்றம்

கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965இல் காங்கேயம் அருகிலுள்ள ஓலப்பாளையத்தில் ஒரு பாடகர் 18 இரவுகள் பாடிய கதையை ஒலிப்பதிவு செய்தார். பதிவின் நீளம் 38 மணி நேரம். இதை ஆராய்ந்து 1982இல் 'தி த்ரீ ட்வின்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். பின்னாளில் இதே கதையை 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும் சித்திரக்கதை வரிசையாகவும் உருவாக்கினார். ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகம்.

நிறைகள்

இப்படைப்பு கதையை வாள்வீரர்களிடமிருந்து தொடங்கவில்லை. காடு திருத்தி உழவு செய்த பாட்டன் காலம், பங்காளிப் பகை, குன்னுடையா - தாமரை இணையரின் பிள்ளையில்லாத் துயர், தாமரையின் தவம் என மூன்று தலைமுறைகளைக் காட்டிய பிறகே நாயகர்கள் வளர்ந்து வருகின்றனர். மண்ணுக்காக நடந்த போர் ஏன் நடந்தது என்பது இதனால் விளங்குகிறது. இக்கதையிலிருந்து 2011இல் வந்த 'பொன்னர் சங்கர்' திரைப்படம் போர்க்களத்துக்கும் அரண்மனைக்கும் கொடுத்த இடத்தை ஏருக்குக் கொடுக்கவில்லை.

சிறிய பாத்திரங்களும் உரிய இடம் பெறுகின்றன. கொம்பன் என்னும் காட்டுப்பன்றியை வீழ்த்த இரு வீரர்களால் மட்டும் முடிவதில்லை. பொன்னாச்சி என்னும் சிறு பெண் நாயின் துணை வேண்டியிருக்கிறது. வருவதை முன்கூட்டி உணர்பவளாகத் தங்காள் நிற்கிறாள்.

குறைகள்

முதற்குறை காலம் பற்றியது. 38 மணி நேரப் பாட்டு அரைமணி அளவிலான 26 பகுதிகளுக்குள் சுருங்கும்போது நிகழ்ச்சிகள் தங்குகின்றன, ஒப்பாரி போய்விடுகிறது. சங்கர் தன் வாளில் தானே விழுந்து மாள்வதும், பொன்னர் அவனைப் பின்தொடர்வதும், தங்காள் படுகளத்தில் அண்ணன்களைத் தேடி அலைவதும் கூத்திலும் பாட்டிலும் கேட்போரை அழவைக்கும் இடங்கள். சித்திரத்தில் அவை விரைவாகக் கடந்துவிடுகின்றன.

இது சித்திரக்கதை என்ற வடிவத்தின் குறையன்று. கசுவோ கொய்கே எழுதி, கோசெகி கொஜிமா வரைந்த 'லோன் வுல்ஃப் அண்ட் கப்' (1970-1976) என்ற சாமுராய் மங்காவில் பேச்சே இல்லாத பக்கங்கள் பல உள்ளன. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் தந்தையின் துயரத்தை அந்த மௌனமே சொல்கிறது. பொன்னிவளநாட்டுக் கதைக்கும் அத்தகைய பக்கங்கள் தேவைப்படுகின்றன.

இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. கதை உழவர் பக்கம் நின்று சொல்லப்படுகிறது. காட்டை இழந்த வேட்டுவர் பகைவராகவே வருகின்றனர். அவர்களுடைய நியாயம் ஓரளவே தெரிகிறது. நாயகர்களுடன் இறுதிவரை நின்று உயிர்விடும் சாம்புவனின் மனமும் போதிய அளவு திறக்கப்படவில்லை. மூலப் பாட்டின் சார்பு இது என்றாலும், பாட்டைக் கேட்பவர் அதை ஒரு பாடகரின் கூற்றாகக் கொள்வார். படத்தைப் பார்க்கும் மாணவர் நடந்த வரலாறாகவே கொள்ளக்கூடும். உழவர், வேட்டுவர் ஆகிய இரு தரப்பின் வழிவந்தோரும் இன்றும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் பகுதி இது என்பதால் இவ்வேறுபாடு சிறியதன்று.

மதிப்பீடு

பாட்டைக் கேட்க வாய்ப்பில்லாத தலைமுறைக்கு இச்சித்திரக்கதை நல்ல நுழைவாயில். கதையின் முழு அமைப்பையும் குலையாமல் தருவது இதன் பெருமை. ஆயினும் இது ஓர் ஊரில் ஒரு பாடகர் பாடிய ஒரு வடிவம் மட்டுமே. கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த 'அண்ணன்மார் சுவாமி கதை'யையும், மாசித் திருவிழாவின்போது வீரப்பூரில் நிகழும் படுகளத்தையும் இதனுடன் சேர்த்து அறிபவருக்கே காப்பியத்தின் முழு உருவம் புலப்படும்.