பன்னிரண்டாம் வகுப்புக் குழுப்படம்

காரைக்கால் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பின் பிரிவு உபசார விழா முடிந்தபின் கையில் மிஞ்சுவது குழுப்படம். முன்வரிசை நாற்காலிகளில் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும். பின்னால் பெஞ்சுகளில் ஏறி நிற்கும் மாணவர்கள், உயரமானவர்கள் கடைசி வரிசையில். ஆண்டு முழுவதும் காலைக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திய மாணவர் தலைவருக்கு ஆசிரியர்களின் அருகே இடம் தருவது அழகான வழக்கம். உயர்நிலைப் பள்ளி மேல்நிலையாகத் தரம் உயரும்போது முதல் அணியின் படம் பள்ளி வரலாற்றின் ஆவணமாகிவிடுகிறது. 2025ஆம் ஆண்டுப் படங்களுக்கும் அந்த மதிப்பு உண்டு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிவந்த புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியபின், முதல் பன்னிரண்டாம் வகுப்பு அணி தேர்வெழுதியது அவ்வாண்டில்தான். பெயர்ப்பட்டியலோடு சட்டமிட்டு அவற்றைப் பள்ளிகள் பாதுகாக்க வேண்டும்.