ஒரு விடைத்தாளை வாசித்தல்

கதைக்கு விமர்சனம் எழுதுகிறோம், கவிதைக்கு எழுதுகிறோம். வருஷத்துக்கு லட்சக்கணக்கில் எழுதப்பட்டு, ஒரே ஒருவரால் சிவப்பு மையோடு வாசிக்கப்பட்டு, கட்டுக்கட்டி மூலையில் போடப்படும் ஒரு பிரதியைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கணக்கு விடைத்தாளைச் சொல்கிறேன். நான் படித்தது தமிழ் எம்.ஏ. பத்தாவதில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவன். எங்க காலனியில் மாலை வகுப்பு எடுப்பதால் இந்தப் பிரதி என் கைக்கு வந்தது.

பத்தாவது படிக்கிற பெண். அரையாண்டுத் தேர்வு. ஐந்து பேரின் ஒருநாள் கூலி 300, 350, 400, 450, 500 ரூபாய், திட்டவிலக்கம் காண்க. ஐந்து மதிப்பெண். ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்துச் சராசரி எடு என்கிறது சூத்திரம். இவள் சூத்திரம் எழுதவில்லை. 300-ஐயும் 500-ஐயும் சேர்த்துப் பிரித்தால் ஆளுக்கு 400, 350-ஐயும் 450-ஐயும் சேர்த்துப் பிரித்தாலும் ஆளுக்கு 400, நடுவில் இருப்பதும் 400, ஆகச் சராசரி 400 என்று எழுதியிருக்கிறாள். பிறகு விலக்கங்களை எடுத்து, வர்க்கப்படுத்தி, கூட்டி 25,000. ஐந்தால் வகுத்து 5,000. அங்கேயே நின்றுவிட்டாள். வர்க்கமூலம் எடுத்திருந்தால் விடை சுமார் 70.7 ரூபாய். சிவப்பு மை குறுக்கே கோடு இழுத்துப் பூஜ்யம் போட்டிருக்கிறது.

கடைசிப் படி விட்டது அவள் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அவள் நின்ற இடத்துக்கும் புத்தகத்தில் பேர் உண்டு: விலக்க வர்க்கச் சராசரி. படிக்குப் படி மதிப்பெண் என்பது உண்மையானால் ஐந்தில் மூன்றாவது தந்தாக வேண்டும். அவள் அம்மாவோடு போய் ஆசிரியரைக் கேட்டேன்.

“ஃபார்முலாவே இல்ல சார். இது இவளாப் போட்டதுன்னு எப்படி நம்புறது?”

தப்பாகப் போட்டால் ‘இதுங்களுக்குக் கணக்கு வராது’. சரியாகப் போட்டால் ‘இவளா போட்டது?’ இரண்டு பக்கமும் அடைத்த சந்தில் எங்க பிள்ளைங்க எந்தப் பக்கம் போவது?

அந்தம்மா சொன்னது: “நாங்க பத்துப் பொம்பளைங்க மொத்தமாப் பேசி நடவு நட்டுட்டு, காச முந்தானையில கொட்டி இப்படித்தான் சார் பிரிச்சிக்கிறோம். இது சின்னதுலேர்ந்து கூட உக்காந்து எண்ணுற புள்ள.” சூத்திரம் இல்லை என்றாரே ஆசிரியர், சூத்திரம் இதுதான். சராசரி என்றால் சமப்பங்கு. அதைப் புத்தகத்துக்கு முன்னாலேயே களத்துமேட்டில் கற்றவள் அவள்.

கடைசியில் கரும்பலகையில் போடச் சொன்னார். வர்க்கமூலத்தோடு போட்டுக் காட்டினாள். மூன்று மதிப்பெண் கிடைத்தது. அதுக்காக அந்தம்மா ஒருநாள் கூலியை விட்டுட்டு வந்திருந்தது.

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சிறுவன் பீமை ஆசிரியர் கணக்குப் போடக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சோற்று டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்துப் பிள்ளைகள் ஓடிப்போய் அள்ளினார்கள். பாபாசாகேப் போட்ட கணக்கை அங்கே யார் பார்த்தது? கணக்குப் போட வந்த கையைத்தான் பார்த்தார்கள். இன்றைக்கு டப்பாவை யாரும் நகர்த்துவதில்லை, பேனாவை நகர்த்துகிறார்கள்.

தேர்வே வன்முறை, பள்ளியே மதிப்பிடட்டும் என்கிறார்கள் தோழர்கள் சிலர். 2020-ல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானதே, அப்போது என்ன நடந்தது? காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம். உள்ளூர் சிவப்பு மையே சான்றிதழ் ஆனது. கரும்பு வெட்டப் போன அப்பன் ஆத்தாளோடு போன பிள்ளைக்கு, போகாத நாளெல்லாம் கணக்கு மதிப்பெண்ணில் கழிந்தது.

பொதுத்தேர்வை நான் கொண்டாடவில்லை. பேர் தெரியாமல் திருத்துவது நமக்குக் கொஞ்சம் பாதுகாப்பு, அவ்வளவுதான். அங்கேயும் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் போட்டு, ஒரு மதிப்பெண் கேள்வி 14, வடிவியலும் வரைபடமும் 16, மேலே அஞ்சு சேர்த்தால் 35 என்று ஓட்டிவிடுகிறார்கள். பள்ளிக்குத் தேர்ச்சி விகிதம் கிடைக்கிறது. பிள்ளைக்குக் கணக்கு கிடைப்பதில்லை. அந்தப் பட்டியலில் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஊரிலும் எண்ணிப் பாருங்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். எந்தப் படிக்கு எவ்வளவு என்ற விடைக்குறிப்பு வகுப்புச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். திருத்திய தாள் பிள்ளை கைக்கு வர வேண்டும். ஏன் கழித்தீர்கள் என்று கேட்கிற உரிமை படிக்காத தாய்க்கும் வேண்டும்.

படித்த தோழர்களே, ஒரு தொகுப்புக்கு மதிப்புரை எழுதும் நேரத்தை இதற்குக் கொடுங்கள். காலனித் திண்ணையில் பாய் விரித்து, அரையாண்டுத் தாள்களைப் பரப்பி, பிள்ளைகளோடு உட்கார்ந்து வரிவரியாக வாசியுங்கள். கணக்கு தெரியாதே என்றால் எனக்கும் தெரியாது. அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.