போலி ஓவியமும் போலி நினைவும்: ‘கிராக்-அப்’ (1946) திரைப்படம் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

துப்பறியும் கதையும் ஓவியப் போலி பற்றிய கதையும் அடிப்படையில் ஒரே வினாவையே எழுப்புகின்றன. கண்முன் நிற்பது உண்மைதானா என்பதே அவ்வினா. இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்த திரைப்படங்களுள் ஆர்.கே.ஓ. நிறுவனம் 1946-இல் வெளியிட்ட ‘கிராக்-அப்’ குறிப்பிடத்தக்கது. பிரெட்ரிக் பிரவுனின் சிறுகதையைத் தழுவிய இப்படத்தை இர்விங் ரீஸ் இயக்கினார். ‘பிலிம் நுவார்’ எனப்படும் இருண்மைப் படவகையுள் வைத்து எண்ணப்படினும், அவ்வகையின் தலைசிறந்த படங்களோடு இது ஒப்பவைத்துப் பேசப்படுவது அரிது. ஆயினும், கலை யாருக்கு உரியது, அதன் உண்மையைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களை இத்துணை வெளிப்படையாக முன்வைத்த துப்பறியும் படங்கள் மிகச் சிலவே. அவ்வினாக்களுக்கு இப்படம் தரும் விடைகளையும், அவற்றுள் காணப்படும் முரணையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைப்போக்கு

ஜார்ஜ் ஸ்டீல் (பேட் ஓ’பிரையன்) நியூயார்க் நகர அருங்காட்சியகம் ஒன்றில் பொதுமக்களுக்குக் கலை பற்றிச் சொற்பொழிவாற்றுபவன். போர்க்காலத்தில் நாஜிகளிடம் இருந்த போலி ஓவியங்களை இனங்காணும் பணியில் ஈடுபட்டவன். ஓரிரவு, நிலைகுலைந்தவனாய் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறான். தான் ஒரு தொடர்வண்டி விபத்தில் சிக்கியதாகக் கூறுகிறான். அன்று அத்தகைய விபத்து எதுவுமே நிகழவில்லை என்பதைக் காவல்துறை உறுதிசெய்கிறது. குடித்துவிட்டு உளறுகிறான் என்றும், போரால் மனம் பேதலித்தவன் என்றும் அனைவரும் கருதுகின்றனர்.

தன் சித்தம் தெளிவாகவே உள்ளது என்பதை மெய்ப்பிக்கப் புறப்படும் ஸ்டீல், இறுதியில் கண்டறிவது ஓவியத் திருட்டையே. அருங்காட்சியகத்திற்கு இரவலாக வந்த கெயின்ஸ்பரோ ஓவியம் ஒன்றும், டியூரருடையதாகக் காட்டப்படும் ‘அரசர்களின் வணக்கம்’ என்னும் ஓவியமும் களவாடப்பட்டு, அவற்றின் இடத்தில் போலிகள் வைக்கப்பட்டுள்ளன. அப்போலிகள் கப்பலில் திரும்பிச் செல்கையில் அழிந்துபோகுமாறு செய்துவிட்டால் குற்றத்தின் சுவடே இராது. இத்திட்டத்தின் பின்னால் இருப்பவர் அருங்காட்சியக வட்டத்தைச் சேர்ந்த செல்வந்தரான மருத்துவர் லோவல் (ரே காலின்ஸ்).

நினைவு என்னும் ஓவியம்

படத்தின் சிறந்த பகுதி ஸ்டீலின் இரண்டாம் பயணமாகும். முதற்பயணத்தில், எதிர்வரும் வண்டியின் ஒளி சன்னலை நிறைத்துப் பெருகுவதையும் பேரோசை எழுவதையும் பின்னோக்கு உத்தியில் கண்டோம். அதே வண்டியில், அதே வேளையில் அவன் மீண்டும் பயணம் செய்கிறான். அதே ஒளி தோன்றுகிறது. அதே ஓசை எழுகிறது. எதிர்வண்டியோ எத்தீங்கும் இன்றி அருகில் கடந்து செல்கிறது. அவன் மனத்தில் பதிந்திருந்த விபத்து, மயக்க மருந்தின் துணையால் லோவல் புகுத்திய பொய்ந்நினைவு எனப் பின்னர்த் தெரியவருகிறது.

இங்கே கதையின் இரு இழைகளும் ஒன்றாகின்றன. ஓவியத்தின் இடத்தில் போலி வைக்கப்பட்டது போலவே, மனிதனின் நினைவின் இடத்திலும் போலி வைக்கப்பட்டுள்ளது. ஓவியத்தை ஊடுகதிர்ப் படத்தின் வழி சோதிப்பது போல, ஸ்டீல் தன் நினைவை நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுச் சோதிக்கிறான். ‘என் உள்ளம் சொல்கிறது’ என்பதை அவன் சான்றாகக் கொள்வதில்லை. கலை ஆய்வாளனின் முறையே அவனுக்குத் துப்பறியும் முறையாகவும் அமைந்துவிடுவது நோக்கத்தக்கது.

காலப் பின்னணி

இக்கதை வெறுங்கற்பனையன்று. போரில் மனம் சிதைந்த வீரர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் புதைந்த நினைவுகளை வெளிக்கொணரும் சிகிச்சை அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. குணப்படுத்தும் அம்முறை தீயோர் கையில் ஆயுதமாகலாம் என்னும் அச்சத்தைப் படம் பயன்படுத்திக்கொள்கிறது.

ஓவியப் போலியும் அன்றைய செய்தியே. 1945-இல் நெதர்லாந்தில் ஹான் வான் மீகரன் கைதுசெய்யப்பட்டார். நாட்டின் கலைச்செல்வமான வெர்மீர் ஓவியத்தை நாஜித் தலைவர் கோரிங்கிற்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. அதை வரைந்தவர் வெர்மீர் அல்லர், தாமே என அவர் ஒப்புக்கொண்டார். சாட்சிகள் முன்னிலையில் மற்றொரு போலியை வரைந்தும் காட்டினார். அவருடைய இன்னொரு போலியை, 1937-இல் பெயர்பெற்ற அறிஞரான ஆபிரகாம் பிரெடியஸ் வெர்மீரின் தலைசிறந்த படைப்பெனப் போற்றியிருந்தார். அறிஞரின் கண் பொய்த்த இடத்தில் ஆய்வுக்கூடம் உண்மை சொன்னது. ஊடுகதிர்ச் சோதனையை ‘கிராக்-அப்’ தன் மையத்தில் வைத்ததை இப்பின்னணியில் காண வேண்டும்.

கலை யாருக்கு உரியது?

லோவல் பணத்துக்காகத் திருடவில்லை. அருங்காட்சியகத்திற்கு வரும் கூட்டம் பேரோவியங்களைக் காணத் தகுதியற்றது என்பது அவர் துணிபு. இவருக்கு எதிர்நிலையில், கலை அனைவருக்கும் உரியது எனப் பேசும் ஸ்டீல் நிறுத்தப்படுகிறான். முதற்பார்வையில் இது மக்களாட்சிக்கும் மேட்டிமைக்கும் இடையிலான போராட்டமாகவே தோன்றும்.

ஆனால் ஸ்டீலின் சொற்பொழிவை ஊன்றிக் கேட்போர்க்கு ஐயம் எழும். அவன் மீமெய்யியல் ஓவியம் ஒன்றைக் காட்டி எள்ளுகிறான், அவையோர் சிரிக்கின்றனர். மறுத்துப் பேசும் அயல்நாட்டு உச்சரிப்புடைய ஒருவர் வெளியேற்றப்படுகிறார். காமிரா சிரிப்பவர்களின் பக்கமே நிற்கிறது. 1937-இல் மியூனிக் நகரில் நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்னும் பெயரில் கண்காட்சி நடத்தி நவீன ஓவியங்களை நகைப்புக்கு உள்ளாக்கினர். நாஜிகளின் போலிகளை வெளிப்படுத்திய நாயகன் அவர்களின் நகைப்பையே தன் அவையில் எழுப்புவது படம் தானே உணராத முரணாகும். படம் வெளியான அதே 1946-இல் அமெரிக்க வெளியுறவுத்துறை நவீன ஓவியக் கண்காட்சி ஒன்றை அயல்நாடுகளுக்கு அனுப்பியது. எதிர்ப்பு எழவே, 1947-இல் அது திரும்பப் பெறப்பட்டது; 1948-இல் ஓவியங்கள் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. எனவே அச்சிரிப்பைத் தனியொரு திரைக்கதையின் குறையாக மட்டும் கொள்ள இயலாது. லோவல் மக்களைக் கலையிடமிருந்து விலக்குகிறார். ஸ்டீலோ தனக்கு ஒவ்வாத கலையை மக்களிடமிருந்து விலக்குகிறான்.

சிவபுரம் எழுப்பும் வினா

போலியைக் கண்டு உள்ளம் உருகியவர் இழந்தது என்ன என்னும் வினாவைப் படம் தொடவில்லை. தமிழ் வாசகர்க்கு இது புதிய வினாவன்று. தஞ்சைப் பகுதியிலுள்ள சிவபுரத்தில் 1951-இல் கிடைத்த சோழர்கால நடராசர் திருமேனி, பழுதுபார்க்கும் பொருட்டுச் சிற்பி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோயிலுக்குத் திரும்பியது அதன் படியே. மூலம் கைம்மாறிக் கடல்கடந்து அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையைச் சென்றடைந்தது. கோயிலில் இருப்பது மூலமன்று என்பதைப் பிரித்தானிய அருங்காட்சியக அறிஞர் டக்ளஸ் பாரெட் வெளிப்படுத்தினார். திருமேனி 1986-இல் இந்தியாவுக்குத் திரும்பியது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அப்படியின் முன் கைகூப்பியோரின் பக்தி பொய்யாகிவிடாது. அவர்களிடமிருந்து களவுபோனவை இரண்டு: மூலத் திருமேனி, தம்முன் இருப்பது எது என்று அறியும் உரிமை. இவ்வாறு நோக்குகையில், போலியின் தீமை அழகுக் குறைவில் இல்லை. அறிவை மறைப்பதில் உள்ளது எனலாம்.

முடிவுரை

இம்முடிவோடு படத்துக்குத் திரும்பினால், அதன் முற்பகுதியில் வரும் சிறு செய்தி ஒன்று புதுப்பொருள் பெறுகிறது. ஊடுகதிர்க் கருவியைக் கொண்டு ஓவியங்களின் உள்ளடுக்கைப் பொதுமக்களுக்குச் சொற்பொழிவில் விளக்க ஸ்டீல் விரும்புகிறான், நிருவாகம் மறுக்கிறது. அவ்விருப்பமே அவனைக் குற்றவாளிகளின் இலக்காக்குகிறது. நவீன ஓவியத்தை எள்ளிய ஸ்டீலைவிட, நிகழாமற்போன அச்சொற்பொழிவைத் திட்டமிட்ட ஸ்டீலே உண்மையான மக்களாட்சியாளன். எதை விரும்ப வேண்டும் என்று மக்களுக்குச் சொல்வது ஒன்று. எவ்வாறு சோதித்தறிவது என்று கற்பிப்பது மற்றொன்று. ‘கிராக்-அப்’ இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணத் தவறியது. அத்தவற்றினூடே அவ்வேறுபாட்டை நமக்குக் காட்டித்தருவதே, குறைகள் பல இருப்பினும், இப்படத்தை மீண்டும் பார்க்கத் தக்கதாக்குகிறது.