'கர்ஸ்' என்னும் சொல்

'ளன்னு' என்னும் அரபுச் சொல்லைத் தமிழில் ஊகம் என்கிறோம், பெரும்பாலும் பொருந்துகிறது. அல்அன்ஆம் அத்தியாயத்தின் 116-ஆம் வசனத்தில் அதனையடுத்துப் பழிக்கப்படும் 'கர்ஸ்' என்பதற்குத்தான் நாம் தடுமாறுகிறோம். கற்பனை என்றோ பொய் என்றோ எழுதி நகர்ந்துவிடுகிறோம். பொருள் பிழையன்று, சொல்லின் வேர் மறைந்துவிடுகிறது.

கர்ஸ் பேரீச்சந் தோப்பில் வழங்கிய சொல். மரத்திலுள்ள குலைகளைக் கண்ணால் நோக்கி, உலர்ந்தபின் இவ்வளவு தேறும் எனக் கூறுவதே அது. நம் குத்துமதிப்பைப் போல. ஹிஜ்ரி 7-இல் கைபர் வெற்றிக்குப் பின், விளைச்சலில் பாதி என்ற உடன்பாட்டின்படி மதிப்பிட்டுவர நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். அவர்கள் மதிப்பைச் சொல்லி, இக்கணக்கில் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா, அன்றி நாங்கள் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அங்கிருந்த யூதர்களிடமே தெரிவை விட்டார்கள். கணக்குப் பிழைத்தால் நட்டம் தம் பக்கமும் விழட்டும் என்று நின்ற நேர்மை அது! (ஹனஃபி அறிஞர்கள் இம்மதிப்பைக் கட்டுப்படுத்தும் கணக்காக ஏற்பதில்லை; அது வேறு விவாதம்.)

அதே வேரில் பிறந்த 'கர்ராஸூன்' அத்தாரியாத் அத்தியாயத்தில் சபிக்கப்படுகின்றனர். தோப்புக்குள் நுழையாமலே குலைகளை எண்ணுகிறவர்கள் என்று அவர்களைக் கொள்ளலாம்.

இவ்விரு முகமும் கொண்ட சொல் தமிழில் இல்லையா? உண்டு. நெல்லையும் அளக்கிறோம், இல்லாததையும் அளக்கிறோம். ஆகவே அவ்வசனத்தில் 'அளந்துவிடுகிறார்கள்' என்று பெயர்க்கலாம் என்போம். கொச்சை என்று புலவர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். நமக்கு அதுவே மூலத்துக்கு அணித்தாகப் படுகிறது.