பேசும் நிமிடங்களும் கேட்கும் நேரமும்: அமெரிக்கக் கல்லூரிகளின் பேச்சுக்கலைத் தொடக்கப் பாடம் பற்றிய திறனாய்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகள் பலவற்றில் பேச்சுக்கலைத் தொடக்கப் பாடம் என்பது முதலாண்டு மாணாக்கர் தவிர்க்கவியலாத ஒன்று. பொறியியல் பயில வந்தவரும் வேளாண்மை பயில வந்தவரும் ஒரு பருவக் காலம் அவ்வகுப்பில் அமர்ந்து, எழுந்து நின்று பேசி, மதிப்பெண் பெற்றுச் செல்கின்றனர். நம் இறையியல் கல்லூரிகளின் அருளுரைப் பயிற்சி வகுப்பிலும் ஏறத்தாழ அதே சிக்கல்கள் எழுகின்றன. ஆதலின், அப்பாடம் திட்டமிடப்படும் முறையையும் நடத்தப்படும் முறையையும் சற்று நெருங்கி நோக்குவது நமக்கு அயலான வேலையன்று.

இக்கலையின் வரலாற்றில் திருப்பணியாளரின் கை பெரிது. 18ஆம் நூற்றாண்டில் டப்ளின் நகரத்து நடிகரான தாமஸ் ஷெரிடன், ஆலயத்தில் மன்றாட்டு நூலை உயிரின்றி வாசிக்கும் குருமாரைக் கண்டு மனம் புழுங்கியவர். 1762இல் அவர் வெளியிட்ட சொற்பொழிவுகள் குரலையும் தொனியையும் பயிற்றும் இயக்கத்திற்கு வித்திட்டன. அயர்லாந்துத் திருச்சபையின் குருவான கில்பர்ட் ஆஸ்டின் 1806இல் இன்னும் ஒருபடி மேலே சென்றார். பேசுபவரைச் சுற்றி ஒரு கோளத்தைக் கற்பனை செய்து, கை அக்கோளத்தின் எப்புள்ளியைத் தொட வேண்டும் என்பதைக் குறியீடுகளாலும் படங்களாலும் விளக்கினார். இன்று அப்படங்களைப் பார்ப்பவருக்குப் புன்னகை வராமல் இராது. இப்போக்கை மறுத்தெழுந்தவரும் ஒரு திருப்பணியாளரே. ரிச்சர்டு வேட்லி 1828இல் எழுதிய சொல்வன்மை நூலில், பேசுபவர் தம் குரலைக் கவனிக்கத் தொடங்கிய அக்கணமே இயல்பு கெடுகிறது என்றும், கருத்தின்மீது மனம் ஊன்றினால் குரல் தானே அதைப் பின்தொடரும் என்றும் வாதிட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் டப்ளின் பேராயரானார். விதிகளால் பேச்சாளரை ஆக்கலாம் என்போருக்கும், கருத்தே பேச்சாளரை ஆக்கும் என்போருக்கும் இடையிலான இவ்வழக்கு இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

அமெரிக்காவில் இத்துறை தனித்து நின்றது 1914ஆம் ஆண்டு நவம்பரில். ஆங்கில ஆசிரியர் பேரவையில் பேச்சுக்கு உரிய இடம் இல்லை என்று கண்ட 17 ஆசிரியர்கள் சிக்காகோவில் பிரிந்து தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அடுத்த ஆண்டே கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வைனன்ஸ் ‘பப்ளிக் ஸ்பீக்கிங்’ என்னும் பாடநூலை வெளியிட்டார். மேடைப்பேச்சு என்பது பெரிதாக்கப்பட்ட உரையாடலே என்பதும், கேட்போரின் கவனத்தை ஒரு கருத்தின்பால் ஈர்த்து நிறுத்துவதே இணங்கவைத்தல் என்பதும் அவர் கொள்கை. வேட்லியின் வழிவந்த சிந்தனை இது எனலாம். எனினும் வகுப்பறைகளை ஆண்டது வைனன்ஸ் அல்லர். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆலன் மன்றோ 1935இல் வெளியிட்ட நூலில் வகுத்த ஐந்து படிகளே நிலைத்தன: கவனத்தை ஈர்த்தல், தேவையை உணர்த்தல், அத்தேவைக்கு நிறைவு காட்டல், விளைவைக் கண்முன் நிறுத்தல், செயலுக்கு அழைத்தல்.

மன்றோவின் படிகள் ஏன் வென்றன? அவை உண்மையானவை என்பதனால் மட்டுமன்று. கற்பிக்க எளியவை, மதிப்பிட எளியவை என்பதனாலுமே. பெரிய பல்கலைக்கழகமொன்றில் இப்பாடம் ஒரே பருவத்தில் பல பத்துப் பிரிவுகளாக நடைபெறும். அப்பிரிவுகளை நடத்துவோருள் பலர் முதுநிலை மாணாக்கரே. அவர்களுள் சிலர் முதன்முறையாகக் கற்பிக்க வந்தவர்கள். எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே பாடநூல், ஒரே மதிப்பீட்டுப் படிவம், ஒரே கால அட்டவணை என்று வகுக்காவிட்டால் ஒரு பிரிவில் பெறும் மதிப்பெண்ணுக்கும் மற்றொரு பிரிவில் பெறும் மதிப்பெண்ணுக்கும் ஒப்புமை இராது. ஆசிரியரின் விருப்பு வெறுப்பிலிருந்து மாணாக்கரைக் காப்பது இந்த ஒருமைப்பாடே. அதை எள்ளி நகையாடுவோர் 40 பிரிவுகளை ஒருங்கிணைத்து நடத்திப் பார்த்தவர் அல்லர்.

ஆயினும் படிவம் எதை அளக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. முன்னுரை இருந்ததா, அவையோரை நோக்கினாரா, சான்றுகளின் மூலத்தைக் கூறினாரா, ஏழு நிமிடங்களுக்குள் முடித்தாரா: இவை எண்ணத்தக்கவை. அவர் சொன்னது மெய்யா, அதை அங்கிருந்தோரிடம் சொல்ல வேண்டிய காரணம் இருந்ததா என்பன எண்ணத்தக்கவை அல்ல. எண்ணத்தக்கதற்கு மதிப்பெண் உண்டு என்று கண்ட மாணாக்கர் அதையே கற்பர். ஆஸ்டினின் கோளம் மறைந்துவிட்டது. படிவத்தின் கட்டங்கள் அதன் இடத்தில் வந்து அமர்ந்துள்ளன.

இனி, காலக் கணக்கு. 25 மாணாக்கர் கொண்ட ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். 15 வாரம், வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் 50 நிமிடம். ஆக 45 வகுப்புகள். ஒருவருக்கு ஏழு நிமிடப் பேச்சு, குறிப்புரைக்கும் அடுத்தவர் எழுந்து வருவதற்கும் மூன்று நிமிடம் எனக் கொண்டால் ஒரு வகுப்பில் ஐவரே பேசலாம். ஒரு சுற்று முடிய ஐந்து வகுப்புகள். நான்கு சுற்றுகளுக்கு 20. ஒருவர் வராமற்போனால் அட்டவணை முழுவதும் சரியும். அதனாலேயே பேச்சு நாளில் வராதவருக்கு இப்பாடம் கடுமையான விதிகளை வைத்திருக்கிறது. இக்கணக்கைத் திட்டமிடுவோர் யாவரும் அறிவர். ஆனால் இதன் மறுபக்கத்தை எழுதிப் பார்ப்போர் அரியர். பருவம் முழுவதிலும் ஒரு மாணாக்கர் பேசுவது 28 நிமிடம். அவர் பிறர் பேசக் கேட்டு அமர்ந்திருப்பது 672 நிமிடம், அதாவது 11 மணி 12 நிமிடம். பேச்சுப் பாடம் என்று பெயர் பெற்ற இது உண்மையில் கேட்டலுக்கே தன் காலத்தைச் செலவிடுகிறது. மதிப்பெண்களோ பெரும்பாலும் அந்த 28 நிமிடத்திற்கே.

இக்குறையை எவரும் காணவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் நிக்கல்ஸ், லெனர்ட் ஸ்டீவன்ஸுடன் சேர்ந்து 1957இல் வெளியிட்ட நூல் கேட்டலை ஒரு கல்விப் பொருளாகவே நிலைநாட்டியது. 1983இல் முதற்பதிப்புக் கண்டு இத்துறையில் பெருவழக்குப் பெற்ற ஸ்டீபன் லூக்கஸின் பாடநூலிலும் கேட்டலுக்குத் தனி அதிகாரம் உண்டு. குறை அங்கேதான் உள்ளது என்பது நம் கருத்து. அதிகாரமொன்றைத் தொடக்கத்தில் படித்து, தேர்வில் விடை எழுதிய பின்னர், அந்த 11 மணி நேரம் மாணாக்கர் தம் முறைக்காகக் காத்திருக்கும் நேரமாகிவிடுகிறது. அடுத்துப் பேச வேண்டியவர் தம் குறிப்புகளைப் புரட்டுகிறார். பேசி முடித்தவர் மூச்சு விடுகிறார். பேசுபவரின் எதிரே இருப்பது அவையன்று, வரிசை. (வள்ளுவர் கேள்வி அதிகாரத்தை 42ஆவதாகவும் சொல்வன்மையை 65ஆவதாகவும் வைத்திருப்பதை இங்கே ஒருவர் நினைத்துக்கொள்ளலாம்.) மிலான் நகரில் சொல்வன்மை கற்பித்து, 386இல் அப்பதவியைத் துறந்த அகுஸ்தீன், கிறிஸ்தவப் போதனை பற்றிய தம் நூலின் நான்காம் பகுதியில், நாவன்மை உடையோரைக் கேட்டும் வாசித்தும் பெறும் திறன் விதிகளைப் பயின்று பெறுவதினும் எளிதில் வாய்க்கும் என்று கூறுகிறார். அவர் விதிகளை விற்றுப் பிழைத்தவர். ஆதலால் அவர் சொல்லுக்கு எடை உண்டு.

அவையச்சம் பற்றியும் ஒரு சொல். ஜேம்ஸ் மெக்ராஸ்கி உருவாக்கிய 24 கூற்றுகள் கொண்ட வினாநிரலால் ஒருவரின் அச்சத்தை 24 முதல் 120 வரையான எண்ணாக அளக்கும் வழக்கம் இப்பாடத்தில் உண்டு. அஞ்சுவோரை முன்கூட்டியே இனங்காண அது உதவும். ஆனால் கேளாத அவையின் முன் நிற்பதைக் காட்டிலும் அச்சம் தருவது எது? காத்திருக்கும் வரிசை கேட்கும் கூட்டமாக மாறினால் அச்சத்தின் ஒரு பகுதி தானே தணியும் என்று எண்ண இடமுண்டு.

மாற்று வழி செலவு மிக்கதன்று. ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் கேட்ட 24 பேரும், பேசியவர் வலியுறுத்தியது யாது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதித் தரட்டும். அந்தத் தாள்கள் பேசியவரிடமே செல்லட்டும். 24 வாக்கியங்களும் ஒன்றையொன்று ஒத்திருந்தால் எந்தப் படிவமும் கூறாததை அவை கூறும். 24 விதமாக இருந்தால் அதனினும் மிகுதியாகக் கூறும். இரண்டாம் சுற்றிலிருந்து ஒவ்வொருவரும் உடன் பயில்வோர் ஒருவரின் முந்திய பேச்சுக்கு மறுமொழியாகவோ தொடர்ச்சியாகவோ பேச வேண்டும் என்று விதிக்கலாம். இதற்கு ஈடாக நான்கு சுற்றுகளை மூன்றாகக் குறைக்க நேரிடும். அது இழப்பு என்று கருத வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதிமுதல் பேச்சின் வரைவை இயந்திரமே எழுதித்தரும் நிலையும் வந்துவிட்டது. வரைவுக்கு மதிப்பெண் தரும் திட்டம் இதனால் ஆட்டம் கண்டுள்ளது. முந்தைய நாள் வகுப்பில் அமர்ந்து கேட்டவருக்கன்றி மறுமொழி கூறுதல் இயலாது.

மன்றோவின் படிகளுக்குத் திரும்புவோம். அவற்றைக் கற்ற ஒருவர் ஆலய மேடையில் ஏறும்போது எல்லா வேதபகுதிகளும் ஒரு தேவையில் தொடங்கி ஒரு செயலில் முடிவதைக் காண்கிறோம். நாத்தான் தாவீதிடம் அப்படிப் பேசவில்லை. அவன் ஒரு கதையைக் கூறி, கேட்டவனே தீர்ப்புரைக்கும் வரை காத்திருந்தான். இளைய குமாரன் திரும்பி வந்த உவமையில் மூத்தவன் விருந்துக்குள் சென்றானா என்பது சொல்லப்படவில்லை. அதை முடிக்கும் பொறுப்பு கேட்பவரிடம் விடப்படுகிறது. புலம்பலுக்கும் நன்றியறிதலுக்கும் ஐந்தாம் படி எதுவும் இல்லை.

நம் அருளுரைப் பயிற்சி வகுப்பில் 20 மாணாக்கர் 15 நிமிடம் வீதம் அருளுரை ஆற்றினால், ஒருவர் கேட்பது 285 நிமிடம், ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. அருளுரை முடிந்தவுடன் எல்லாக் கண்களும் ஆசிரியரை நோக்குவதும், அவர் தீர்ப்பு வெளியான பின் அதையே சொல் மாற்றி மாணாக்கர் கூறுவதும் நாம் கண்டதே. ஆசிரியர் கடைசியாகப் பேசுவது என்ற ஒரே மாற்றத்தை ஒரு பருவம் கடைப்பிடித்துப் பார்க்கலாம். அதற்கு முன் 19 தாள்களும் எழுதி முடிந்திருக்க வேண்டும். அவற்றை ஆசிரியர் வாசிக்க வேண்டியதில்லை, அருளுரை ஆற்றியவர் வாசித்தால் போதும்.